திருமுழுக்கு நாளும் நாம விழாவும்: கட்சாலிலிருந்து எழும் கேள்வி

ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் ஆண்டு முழுவதும் நினைவில் வைத்திருக்கும் நாள்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் பிறந்த நாளுக்குக் கேக் உண்டு. இறந்துபோன தாத்தா பாட்டியின் நினைவு நாளுக்குப் பூசை உண்டு. பல வாரங்களுக்கு முன்பே பங்கு அலுவலகத்தில் கருத்தை எழுதி வைத்துவிடுவார்கள். பெற்றோரின் திருமண நாளுக்குப் பூசையும் உண்டு, விருந்தும் உண்டு. இந்த வீட்டுக் குழந்தை எந்தத் தேதியில் திருமுழுக்குப் பெற்றது என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "சர்ட்டிஃபிகேட் பீரோவுக்குள்ள இருக்கும், பாத்துச் சொல்றேன்" என்று தாய் சொல்வார். புதுநன்மைக்கோ திருமண ஓலைக்கோ தேவைப்படும்வரை அந்தத் தாள் பீரோவிலேயே கிடக்கும்.

இதன் அருகிலேயே இன்னொரு வழக்கம் இருக்கிறது: நாம விழா. எந்தப் புனிதரின் பெயரைத் தாங்குகிறோமோ அந்தப் புனிதரின் திருநாளைத் தன் நாளாகக் கொண்டாடுவது. தமிழ்நாட்டில் இது அறியாத ஒன்றல்ல. ஆயரின் நாம விழா, பங்குத்தந்தையின் நாம விழா, மடத்துத் தலைமைச் சகோதரியின் நாம விழா எல்லாம் பூங்கொத்தும் பொன்னாடையும் வாழ்த்துப் பாட்டுமாக நடக்கின்றன. ஜூன் 13 அன்று அந்தோணி என்ற பெயருள்ள குருவானவருக்கு மாலை விழும். அதே பூசையில் பீடச் சிறுவனாக நின்ற அந்தோணி, ஒரு வாழ்த்தும் கேட்காமல் வீட்டுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவான். குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டுமே உரியது போல இந்த விழா எப்படிச் சுருங்கியது, குடும்பங்களுக்குள் அது மறுபடி வரத்தான் வேண்டுமா, திருமுழுக்கு நாளுக்கும் அதற்கும் இடையில் எதற்கு முதலிடம் என்பவையே இந்தக் கட்டுரையின் கேள்விகள்.

இந்தக் கேள்வியை வேளாங்கண்ணியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ கேட்டிருக்கலாம். கட்சால் தீவிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் நடுப்பகுதியில், நான்கவுரிக்கும் கமோர்ட்டாவுக்கும் மேற்கே இருக்கிறது கட்சால். பழங்குடியினர் பாதுகாப்புக்கு உட்பட்ட பகுதி என்பதால் வெளியார் அனுமதியில்லாமல் போக முடியாது. 2000 ஜனவரி 1 அன்று புத்தாயிரத்தின் முதல் சூரிய உதயம் இந்தியாவில் இங்கேதான் தெரியும் என்று செய்தித்தாள்கள் எழுதியபோது அதன் பெயர் நாடு முழுவதும் பரவியது. ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் ஆழிப்பேரலை அந்தத் தீவை உருத்தெரியாமல் ஆக்கியது. 2001 கணக்கெடுப்பில் ஐயாயிரத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

இங்கே தமிழர்களும் இருக்கிறார்கள். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு வரவேண்டும் என்று முடிவானது. அப்படித் தாயகம் திரும்பியவர்களில் ஒரு சிறு பிரிவினரை அரசு கட்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தியது. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இராமநாதபுரத்துக்கும் பக்கத்து ஊர்களிலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், தலைமுறைகள் தாண்டி வங்கக் கடலின் ஒரு தீவில் பால் வெட்டினார்கள். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கர். அத்தகைய குடும்பத்தில் பாட்டியின் திருமுழுக்கு இலங்கைத் தோட்டத்துச் சிற்றாலயம் ஒன்றிலும், மகனுடையது தீவிலும், பேத்தியுடையது போர்ட் பிளேரிலோ தமிழ்நாட்டிலோ நடந்திருக்கலாம். மூன்று தலைமுறைக்கு மூன்று பதிவேடுகள், மூன்றும் மூன்று கரைகளில். நிலமும் வீடும் மாறிக்கொண்டே வந்த மக்களுக்கு, மாறாமல் எழுதிவைக்கப்பட்டிருக்கும் சில வரிகளில் திருமுழுக்குப் பதிவும் ஒன்று.

தீவின் பூர்வகுடிகளான நிக்கோபாரிகளிடம் பெயரைக் குறித்து ஒரு பழைய வழக்கம் இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த டி ரோப்ஸ்டார்ஃப் என்ற அதிகாரி 19ஆம் நூற்றாண்டில் நான்கவுரிப் பகுதியில் பணியாற்றினார். அந்த மொழிக்கு அகராதி தொகுத்தவர். 1883இல் கமோர்ட்டாவில் கொல்லப்பட்டார். ஒருவர் இறந்தபின் அவர் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்ற கண்டிப்பான விதி அம்மக்களிடம் இருந்ததை அவர் பதிவுசெய்தார். இறந்தவரின் பெயர் ஒரு பொருளைக் குறிக்கும் சொல்லாக இருந்தால் அந்தச் சொல்லையே விட்டுவிடுவார்களாம். அதனால் மொழியே மாறிக்கொண்டிருந்தது என்றும், முன்னோரின் வரலாறு வாய்வழி வருவதற்கு வழியில்லாமல் போனது என்றும் அவர் எழுதினார். மானிடவியலாளர் ஜேம்ஸ் பிரேசர் தம் புகழ்பெற்ற தொகுப்பில் இதை எடுத்தாண்டார்.

நாம விழாவின் பொருளை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியது இந்த வழக்கம்தான். ஏனென்றால் நாம விழா முழுக்க முழுக்க இதற்கு நேர் எதிரான செயல். இறந்துபோன ஒருவரின் பெயரை எடுத்து உயிரோடு விளையாடும் குழந்தைக்கு வைக்கிறோம். அவர் இறந்த நாளையே அந்தக் குழந்தையின் மகிழ்ச்சி நாளாக்குகிறோம். திருச்சபையின் நாட்காட்டியில் பிறந்த நாள் கொண்டாடப்படுவது மூவருக்கு மட்டும்: கிறிஸ்து, அவர் தாய் மரியா, திருமுழுக்கு யோவான். மற்றப் புனிதர்களுக்குப் பெரும்பாலும் அவர்கள் இறந்த தேதியே திருநாள். இறந்தவர்கள் கடவுளிடம் உயிரோடிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே கிடையாது. நிக்கோபாரிகளின் பழைய விதியை நான் தாழ்வாக எண்ணவில்லை. இழப்பின் வலியை மதிக்கும் ஒரு வழி அது. நம் வீடுகளிலும் மாமனார் பெயரை மருமகள் சொல்லமாட்டாள் என்பதற்காகத் தாத்தா பெயர் வைத்த பேரனை வேறு செல்லப்பெயரால் கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. ஆனால் பெயரைச் சொல்லியே நினைவைக் காக்கும் வழியைக் கிறிஸ்தவம் இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்தது என்பதும் உண்மை.

அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நம்மவர். சென்னை மாகாணத்திலிருந்து கார் நிக்கோபாருக்குச் சென்ற வேதப்பன் சாலமோன், ஆங்கிலிக்கன் மறைபரப்புச் சங்கத்தின் உபதேசியார். 1890களில் மூஸ் என்ற ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கி, அந்த ஊர்ச் சிறுவன் ஹச்சேவ்காவைப் படிக்கவைத்தார். ஜான் ரிச்சர்ட்சன் என்று திருமுழுக்குப் பெயர் பெற்ற அந்தச் சிறுவன் பர்மாவின் மண்டலேயில் படித்துத் திரும்பி, புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபாரி மொழியில் பெயர்த்து, 1950இல் ஆயராகி, முதல் மக்களவையின் உறுப்பினரும் ஆனார். நிக்கோபார்க் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் இந்த மரபின் வழியாக வட இந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கரின் போர்ட் பிளேர் மறைமாவட்டம் பின்னால், 1984இல்தான் உருவானது. கோவாவின் பிலார் சபையைச் சேர்ந்த அலெக்ஸ் டயஸ் அதன் முதல் ஆயர். 2021 முதல் விசுவாசம் செல்வராஜ் ஆயராக இருக்கிறார். மறைமாவட்டம் வேறு, சபை வேறு என்றாலும், மூவொரு கடவுளின் பெயரால் நீர் ஊற்றித் தரப்பட்ட திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது. எனவே ஒரே தீவில் வாழும் நிக்கோபாரிக்கும் தமிழருக்கும் பொதுவான ஒரே தேதிவகை இதுதான் என்று சொல்லலாம்.

டிசம்பர் 26, புனித முடியப்பரின் திருநாள். கிறிஸ்துவுக்காக முதலில் உயிர்விட்டவர் அவர். முடியப்பன், ஸ்டீபன் என்று பெயர் வைத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவே நாம விழா. 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலையில் அலை வந்ததும் அதே தேதியில்தான். கட்சாலில் இன்று ஒரு ஸ்டீபனுக்கு நாம விழா கொண்டாடுவது எப்படி? கொண்டாடலாமா? கொண்டாட வேண்டும் என்றே நான் நினைக்கிறேன், கேக்கும் பலூனுமாக அல்ல. காலையில் இறந்தவர்களுக்கான பூசைக்குப் போய்விட்டு, அங்கே வாசிக்கப்படும் பெயர்களோடு பிள்ளையின் பெயருக்குரிய புனிதரின் கதையையும் வீட்டில் சொல்லலாம். கல்லடி பட்டுச் சாகும்போதும் எறிந்தவர்களுக்காக மன்றாடிய இளைஞரின் கதை அது. துக்க நாளில் சொல்லத் தகுந்த கதை. இரண்டு நாள் கழித்து, 28ஆம் தேதி, ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். பிள்ளைகளை இழந்த ஒரு தீவுக்கு அந்த நாளின் வாசகங்களை விளக்கவேண்டிய தேவையே இருக்காது.

திருமுழுக்கு நாளைக் கொண்டாடுவது ஏதோ இக்காலத்தில் பிறந்த பழக்கம் என்று எண்ணுபவர்கள் உண்டு. பழைய உரோமை வழிபாட்டு நூல்களைப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. அக்காலத்தில் திருமுழுக்குப் பெரும்பாலும் உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பில்தான் தரப்பட்டது. முந்திய ஆண்டு பாஸ்காவில் திருமுழுக்குப் பெற்றவர்கள் ஓராண்டு நிறைவில் கூடிப் பூசை கண்டு நன்றி சொல்வதற்கென்றே தனி வழிபாடு இருந்தது. ஊரே சேர்ந்து கொண்டாடிய ஆண்டு நிறைவு அது. குழந்தை பிறந்த சில நாளிலேயே நீர் ஊற்றவேண்டும் என்ற வழக்கம் பரவியபோது ஒவ்வொருவருக்கும் தேதி வேறுவேறாகிப் போனது. பொது வழிபாடு மறைந்தது. அதற்குப் பதிலாக வீட்டு வழிபாடு ஒன்று வளர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் வளரவில்லை.

ஐரோப்பாவில் அந்த இடத்தை நாம விழாதான் நிரப்பியது. 1483 நவம்பர் 10 அன்று பிறந்து மறுநாள் புனித மார்ட்டின் திருநாளில் திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்கு மார்ட்டின் என்றே பெயர் வைத்தார்கள். மார்ட்டின் லூத்தர் அவர். அன்றைக்குத் திருமுழுக்கு நாளும் நாம நாளும் பல வேளைகளில் ஒன்றாகவே விழுந்தன. போலந்து, ஹங்கேரி, கிரேக்கம், ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் ஆகியவற்றில் நாம விழா வேரூன்றியது. வத்திக்கானில்கூடத் திருத்தந்தையின் திருமுழுக்குப் பெயருக்குரிய புனிதரின் நாள் விடுமுறை நாள். பிரான்சிஸ் திருத்தந்தையாக இருந்தபோது புனித ஜார்ஜின் ஏப்ரல் 23 அப்படி அனுசரிக்கப்பட்டது. அவருடைய இயற்பெயர் ஜார்ஜ்.

சட்டமும் கூடவே நடந்தது. 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம், ஞானப்பெற்றோரின் பெயரைப் பங்குக்குரு புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று விதித்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், கிறிஸ்தவப் பெயரே வைக்கப்பட வேண்டும், பெற்றோர் இணங்காவிட்டால் அவர்கள் சொன்ன பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தளர்த்தி, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் மட்டும் கூடாது என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. இனியன், யாழினி, கயல்விழி, நிலவன் என்று பெயர் வைத்துக்கொள்ள இன்றைய தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குச் சட்டத்தில் எந்தத் தடையும் கிடையாது. இந்தத் தளர்வை நான் வரவேற்கிறேன். ஆனால் யாழினிக்கு நாம விழா எந்த நாளில் என்ற கேள்வியும் இங்கேதான் பிறக்கிறது.

நம் முன்னோர் புனிதர் பெயரை அந்நியமாக வைத்திருக்கவில்லை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பேதுரு இராயப்பன் ஆனார். பவுல் சின்னப்பன் ஆனார். இருவருக்கும் ஜூன் 29. யோசேப்பு சூசையானார், மார்ச் 19. அலோசியஸ் ஞானப்பிரகாசம், ஜூன் 21. இக்னேஷியஸ் இன்னாசி, ஜூலை 31. பிரிட்டோ அருளானந்தர், 1693இல் ஓரியூரில் தலை கொடுத்த பிப்ரவரி 4 அவர் நாள். லூர்துமேரிக்குப் பிப்ரவரி 11, பனிமயத்துக்கு ஆகஸ்ட் 5, ஆரோக்கியமேரிக்குச் செப்டம்பர் 8, செபமாலைக்கு அக்டோபர் 7. பெயரைக் கேட்டவுடன் தேதி தெரிந்த காலம் அது. பாட்டிமார் மாதத்தையே புனிதர்களை வைத்துத்தான் சொல்வார்கள்: "சவேரியார் திருநாளுக்கு முந்தின வாரம் பொறந்தவன்" என்று.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். திருவிதாங்கூர்க் கரையில் முக்குவர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததை 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் விவரிக்கும்போது, ஒவ்வொருவருக்கும் அவருடைய புதுப்பெயரை எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறார். எழுத்தறியாத மீனவர் கையில் தன் பெயர் எழுதிய ஒரு துண்டு. அவ்வளவு கூட்டத்திலும் ஆளுக்கு ஒரு பெயர் என்பதை அவர் விடவில்லை. தமிழ்க் கரையோரத் திருமுழுக்கு வரலாற்றில் என்னை மிகவும் தொடும் செய்தி இது.

அப்படியிருந்தும் குடும்பத்து நாம விழா ஏன் வளரவில்லை? பங்குத் திருவிழா அதை விழுங்கிவிட்டது என்பது என் கணிப்பு. உவரியில் அந்தோணியாருக்கும் கோட்டாற்றில் சவேரியாருக்கும் கொடியேறிவிட்டால், அந்தப் பெயருள்ள எல்லோருக்கும் அதுவே நாம விழா. பத்து நாள் கொடி, நவநாள், தேர், சப்பரம், உறவினர் வருகை. தெருவுக்குப் பத்து அந்தோணி இருக்கும் ஊரில் தனியாக ஒருவனை வாழ்த்தத் தோன்றாது. அது ஒரு குறையும் அல்ல. ஊர்ப் புனிதரோடு ஊரில் பாதிப்பேரும் பெயரைப் பகிர்ந்துகொள்வது அழகான ஏற்பாடு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்த ஊரைவிட்டுப் பிரிந்து கட்சாலுக்கோ துபாய்க்கோ டொரொண்டோவுக்கோ போன குடும்பத்துக்குத் தேரும் கிடையாது, தெருவும் கிடையாது. ஊர் செய்துவந்ததை இனி வீடுதான் செய்யவேண்டும். வீட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இன்னொரு காரணம் கசப்பானது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்கான உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். அதனால் எத்தனையோ தலித் குடும்பங்களில் திருமுழுக்குப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழ்ப் பெயர் வேறு. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், திருமுழுக்குப் பெற்றிருந்ததையும் கணக்கில் எடுத்து, பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய பெண்ணின் மனுவைத் தள்ளுபடி செய்தது. தன் திருமுழுக்குத் தேதியே தனக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று அஞ்சும் குடும்பத்திடம் போய், அந்த நாளை ஊரறியக் கொண்டாடு என்று யாரும் அறிவுரை சொல்ல முடியாது. சொல்பவர் முதலில் 1950 ஆணையில் இந்த மத வரம்பை விதிக்கும் மூன்றாம் பத்தியை நீக்குவதற்கான போராட்டத்தில் நிற்கட்டும். அந்தமான் நிக்கோபாரில் நிலைமை வேறு. நிக்கோபாரிகள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். அந்தப் பட்டியலுக்கு மதம் ஒரு தகுதி அல்ல. கட்சாலின் நிக்கோபாரித் தாய் தன் குழந்தையின் திருமுழுக்குப் பெயரை எல்லா ஏட்டிலும் அச்சமின்றி எழுதலாம். தமிழ்நாட்டின் சேரியில் வாழும் தாய்க்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

செலவு என்ற தடையும் உண்டு. திருமுழுக்கு விழாவே இப்போது மண்டபம், பிளெக்ஸ், பிரியாணி, ஞானத்தந்தை போடும் தங்கம் என்று வீங்கிவிட்டது. பணம் சேரும்வரை திருமுழுக்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். பிறந்த முதல் சில வாரங்களுக்குள் கொடுக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். இந்த நிலையில் ஆண்டுதோறும் இன்னொரு விருந்தைச் சேர்த்தால் ஏழைக் குடும்பங்கள் தாங்கமாட்டா. ஆகவே நான் பரிந்துரைப்பதில் விருந்து கிடையாது.

பங்குக் கோயிலின் திருமுழுக்குச் சான்றிதழ் ஒரு காலத்தில் வயதுக்குச் சான்றாகவும் பயன்பட்டது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. 2023இல் திருத்தப்பட்டபின், அந்த ஆண்டு அக்டோபர் முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசின் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம். எனவே இனி அந்தத் தாளுக்கு உலகக் காரியத்தில் வேலை குறைவு. அந்தத் தேதி நம் நம்பிக்கைக்காக மட்டுமே மிஞ்சுகிறது. அதை வீட்டார் நினைக்காவிட்டால் வேறு யாரும் நினைக்கப்போவதில்லை.

ஆனாலும் ஒரு நடைமுறைப் பயன் இன்னும் இருக்கிறது, அதைக் கட்சால் போன்ற இடங்களில்தான் முழுதாக உணர முடியும். பதிவேடு அழிந்துபோனால் திருமுழுக்கை எப்படி மெய்ப்பிப்பது? திருச்சபைச் சட்டத்தின் 876ஆம் பிரிவு விடை சொல்கிறது: யாருக்கும் பாதகம் இல்லாத இடத்தில், ஐயத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும், வளர்ந்தவராகத் திருமுழுக்குப் பெற்றிருந்தால் அவருடைய சத்தியமே போதும். வெள்ளமும் அலையும் போரும் புலம்பெயர்வும் கண்ட மக்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஈழத்துக் குடும்பங்களும் இதை உணரும். ஆனால் அந்தச் சாட்சிக்குத் தேதியும் இடமும் நினைவிருக்க வேண்டுமே. ஆண்டுதோறும் அந்த நாளைச் சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டில் ஒன்றுக்கு நான்கு சாட்சிகள் இருப்பார்கள். பெட்டியோடு தாள் போனாலும் பெரியம்மாவின் வாயில் தேதி இருக்கும்.

ஞானப்பெற்றோருக்கும் இதனால்தான் உயிர் வரும். பதினாறு வயது நிரம்பி, உறுதிபூசுதல் பெற்று, நம்பிக்கை வாழ்வு வாழும் ஒருவரை, தாய் தந்தை அல்லாத ஒருவரை, இந்தப் பொறுப்புக்கு அழைக்கச் சொல்கிறது சட்டம். நாமோ சித்தப்பாவுக்கோ மாமனுக்கோ மரியாதை செய்வதற்காக அழைத்து, அன்றைக்கு மோதிரம் போட்டதோடு மறந்துவிடுகிறோம். பிள்ளை பிறந்த நாளுக்கு அழைப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். திருமுழுக்கு நாளில் அழைத்துப் பேசும் கடமை ஞானத்தந்தைக்கும் ஞானத்தாய்க்கும் என்று வைத்துவிட்டால், தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே அந்த உறவு ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்படும். தொலைபேசியில் பேச ஐந்து நிமிடம் போதும்.

இரண்டில் எதற்கு முதலிடம்? எனக்குத் தயக்கமில்லை: திருமுழுக்கு நாளுக்கு. நாம விழாவுக்குப் புனிதர் பெயர் வேண்டும். திருமுழுக்கு நாள் எல்லாப் பெயருக்கும் உண்டு. இனியனுக்கும் உண்டு, இன்னாசிக்கும் உண்டு. நாம விழா ஒரே பெயருடைய ஆயிரம் பேருக்குப் பொது. திருமுழுக்கு நாளில் அந்தக் குழந்தையின் தலையில்தான் நீர் விழுந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரி 8 பொது மறையுரையில் வந்திருந்தவர்களிடம் தங்கள் திருமுழுக்குத் தேதி தெரியுமா என்று கேட்டு, தெரியாதவர்கள் வீட்டுக்குப் போனதும் விசாரித்து அறிந்துகொள்ளச் சொன்னார். தம்முடையது 1936ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தையானபின் 1979இல் முதன்முதலாகச் சொந்த ஊர் வாடோவிட்சேவுக்குப் போனபோது தாம் திருமுழுக்குப் பெற்ற தொட்டியின் முன் மண்டியிட்டார். திருமுழுக்கு ஆண்டு நாளில் வாக்குறுதிகளைப் புதுப்பிப்பவர்களுக்கு வழக்கமான நிபந்தனைகளோடு பரிபூரண பலன் உண்டு என்று திருச்சபை அறிவித்திருக்கிறது. பாஸ்கா திருவிழிப்பில் வாக்குறுதிகளைப் புதுப்பிப்பவர்களுக்குக் கிடைக்கும் அதே பலன். இதை நம் ஞாயிறு மறையுரைகளில் கேட்பது அரிது.

நாம விழாவை விட்டுவிடச் சொல்லவில்லை. புனிதர் பெயர் உள்ள பிள்ளைக்கு அந்த நாளில் புனிதரின் கதையைச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர் உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் ஒரு பாதுகாவலரைத் தேர்ந்து கொடுக்கலாம். திருமுழுக்குப் பெற்ற நாளுக்குரிய புனிதரையே ஏற்கலாம். ஒன்றும் அமையாவிட்டால் அனைத்துப் புனிதரின் நவம்பர் 1 இருக்கிறது. என்னைக் கேட்டால் தேவசகாயத்தைச் சொல்வேன். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், வளர்ந்த ஆளாக 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15, உரோமையில் புனிதர் பட்டம். திருமுழுக்குக்கும் சாவுக்கும் இடையே ஏழாண்டுகூட இல்லை. அவர் வாழ்வின் அர்த்தமெல்லாம் அந்த ஏழாண்டுக்குள்தான். பொதுநிலையினர், குடும்பஸ்தர், தமிழ் பேசிய மண்ணின் மனிதர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான பாதுகாவலர் யார்?

வீட்டில் செய்யவேண்டியது எளிது. திருமுழுக்கின்போது கொடுத்த மெழுகுதிரி இருந்தால் அதையே ஏற்றுங்கள். இல்லாவிட்டால் எந்தத் திரியும் சரி. இரவுச் செபமாலைக்குப் பிறகு குழந்தையை நடுவில் உட்காரவைத்து, அலகையை விட்டுவிடுகிறேன் என்ற வாக்குறுதிகளைப் பெரியவர்கள் கேட்க, வளர்ந்த பிள்ளையானால் அதுவே பதில் சொல்லட்டும். பிறகு விசுவாசப் பிரமாணம். தாயும் தந்தையும் தீர்த்தத்தால் நெற்றியில் சிலுவை வரையட்டும். எந்தக் கோயில், எந்தக் குருவானவர், அன்று மழையா வெயிலா, யார் கையில் குழந்தை இருந்தது என்று பாட்டி சொல்லட்டும். முடிந்தால் அந்த வாரத்துப் பூசை ஒன்றுக்குக் குழந்தையின் பெயரில் கருத்துக் கொடுங்கள். குருவானவர் கப்பல் ஏறி வந்தால்தான் பூசை என்ற நிலையிலுள்ள தீவுக் குடும்பமும் இதைத் தடையின்றிச் செய்யலாம். வீட்டுச் செபத்துக்குக் கப்பலும் வேண்டாம், அனுமதிச் சீட்டும் வேண்டாம்.

பங்குத்தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு அறிவிப்பில் பிறந்த நாள், திருமண நாள் காண்பவர்களை வாழ்த்துகிறீர்கள். பதிவேடு உங்கள் மேசையில் இருக்கிறது. அந்த வாரம் திருமுழுக்கு ஆண்டு நாள் காணும் குழந்தைகளின் பெயரையும் வாசியுங்கள், பெற்றோருக்கு விருப்பம் இருந்தால் மட்டும். மறைக்கல்வி ஆசிரியர்கள் புதுநன்மை வகுப்பின் முதல் பாடமாகப் பிள்ளைகளை அவரவர் தேதியை அறிந்துவரச் சொல்லலாம். பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் திருமுழுக்குத் தேதியையும் கோயிலின் பெயரையும் ஞானப்பெற்றோரின் பெயரையும் இன்றே ஒரு தாளில் எழுதி, ஒரு படியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவையுங்கள். அடுத்த ஆண்டு நாட்காட்டி வந்ததும் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.